பெரியமேட்டில் கான் வெட்டியவர்

ரவிசந்திரனைப் பற்றி எழுத இந்த ஊரில் ஒருவனுக்குத் தகுதி இல்லை என்றால் அது எனக்குத்தான். ஆனாலும் நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. அரசாங்கக் கந்தோர் அறிக்கை ஒன்றில் அவர் பெயர் ஒரு வரியில் வருகிறது. அந்த வரி பொய். அது பொய் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் முப்பத்திரண்டு வருடம் புவியியல் படிப்பித்தவன். எங்கள் ஊர் மன்னார்த் தீவின் தென்கரையில் இருக்கிறது. ஊருக்கும் கடலுக்கும் நடுவில் நிற்கிற மணல்மேட்டைப் பெரியமேடு என்போம். மலையைக் கண்டவர்கள் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் சப்பட்டையாய்க் கிடக்கிற இந்தத் தீவில் மலை என்று கைகாட்ட எங்களுக்கு இருப்பது அது ஒன்றுதான். அந்த மேட்டின் மணல் கறுப்புக் கலந்த மணல். அதிலுள்ள கனியத்துக்கு வெளிநாட்டில் நல்ல கிராக்கி என்று சொல்லிக்கொண்டு ஒரு கம்பனி எட்டு வருடமாக அதைச் சுற்றி வந்தது.

ரவிசந்திரன் இந்த மண்ணில் பிறந்தவர் இல்லை. மலையகத்தில், பெயர் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லாத ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தகப்பன் கான் வெட்டுகிறவர். கான் என்றால் மலைச்சரிவில் குறுக்காக வெட்டுகிற வடிகால். மழைத்தண்ணீர் சரிவில் நேரே இறங்கினால் மண்ணை அள்ளிக்கொண்டு போகும்; உள்ளே இறங்கினால் மலையையே இளக்கிவிடும். அதனால் சரிவுக்குக் குறுக்கே, லேசான வாட்டத்தில், வளைத்து வளைத்துக் கான் வெட்டித் தண்ணீரை நடத்திக் கூட்டிப்போக வேண்டும். பதினான்கு வயதில் தகப்பனோடு மண்வெட்டி பிடித்தவர், மட்டப்பலகை இல்லாமல் கண்ணாலேயே வாட்டம் பார்ப்பார். இதை அவர் பெருமையடித்துச் சொன்னதில்லை. நான் துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

எண்பத்து மூன்றில் தோட்டத்துச் சனங்கள் குடியிருந்த லயங்களுக்கு நெருப்பு வைத்தபோது அவருக்கு இருபது வயது. மாமன் ஒருவரோடு முருங்கன் பக்கம் வயல் வேலைக்கு வந்து சேர்ந்தார். அங்கேயே சிவராணியைக் கட்டினார். சிவராணி வயற்காரக் குடும்பத்துப் பெண். மலைநாட்டானைக் கட்டினாள் என்று வீட்டில் ஒரு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு சண்டை வந்து எல்லோரையும் ஒரே மரத்தடியில் படுக்க வைத்தது, பேச்சுவார்த்தை தானாக வந்துவிட்டது. பிள்ளைகள் இல்லை. மடுவிலிருந்து தொடங்கி வன்னி முழுக்க ஓடி, முகாமில் இருந்து, திரும்பி வந்து, கூலிக்கு வேலி அடைத்தும் வரம்பு கட்டியும் காலத்தை ஓட்டினார்கள்.

அவருடைய தங்கை பேச்சியம்மா மட்டும் தோட்டத்திலேயே இருந்துவிட்டாள். அவளும் புருசனும் இரண்டு பிள்ளைகளும் குடியிருந்த லயத்தின் மேல் ஒரு ஐப்பசிக் காலையில் மலை இறங்கிவிட்டது. ரவிசந்திரன் கேள்விப்பட்டு ஓடினார். நாலு நாள் சேற்றை வெட்டினார். ஒருவரையும் எடுக்க முடியவில்லை. ஐந்தாம் நாள் சரிந்த இடத்துக்கு மேலே ஏறிப் பார்த்திருக்கிறார். தகப்பன் வெட்டிய கான்கள் முழுக்க மண் நிரம்பி, மேலே மானாப்புல் ஆளுயரம் வளர்ந்து கிடந்ததாம். கான் வெட்டுகிற ஆட்களைத் தோட்டத்தில் நிறுத்திப் பன்னிரண்டு வருடமாம். இதை எனக்குச் சொன்ன அன்று அவர் அழவில்லை. பக்கத்திலிருந்த மண்வெட்டியின் பிடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகுதான் எங்கள் ஊருக்கு வந்தார். வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் நடத்துகிற சம்மாட்டி கொன்ஸ்ரன்ரைனுடைய பனங்காணிக்கு வேலி அடைக்க வந்தவரை, வேலை நன்றாக இருந்தபடியால், சம்மாட்டியே மேட்டடியில் ஒரு மூலையில் கொட்டில் போட்டு இருக்கச் சொல்லிவிட்டார். எங்களது கடற்றொழில் செய்கிற கத்தோலிக்க வேதக்காரச் சனங்களின் ஊர். நல்ல சனங்கள்தான், ஆனால் வெளியாளை வெளியாளாகவே வைத்திருக்கத் தெரிந்தவர்கள். முகத்துக்கு நேரே அண்ணை, அந்தப் பக்கம் போனால் மலைநாட்டான். நானும் அப்படித்தான்.

பெரியமேட்டைப் பற்றி ஆராய யாழ்ப்பாணத்திலிருந்து துஷ்யந்தி என்ற பிள்ளை வந்தபோது நிலைமை கொஞ்சம் மாறியது. பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர், முப்பது வயது இருக்கும், வெயிலைப் பற்றி ஒரு கவலையும் இல்லாதவர். மேட்டில் விழுகிற மழை மணலுக்குள் இறங்கி அடியிலுள்ள உப்புத்தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கிறது, உங்கள் கிணறுகள் குடிக்கக்கூடியதாக இருப்பது இந்த மேட்டால்தான் என்று படம் கீறிக் காட்டினார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ரவிசந்திரன் மட்டும்தான் கேள்வி கேட்டார். எவ்வளவு தண்ணீர் குடிக்கும், குடித்தது எந்தப் பக்கம் போகும், குடித்தால் சரியாதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். துஷ்யந்திக்கு ஆளைப் பிடித்துவிட்டது.

மேட்டில் நாற்பது கம்புகளை நட்டு இலக்கம் போட்டார்கள். ஒவ்வொரு மாதம் முதலாந்தேதியும் கம்பு எவ்வளவு புதைந்திருக்கிறது, எவ்வளவு வெளியே தெரிகிறது என்று அளந்து எழுத வேண்டும். அந்த வேலை ரவிசந்திரனுக்கு. ஐந்து வருடத்தில் ஒரு மாதம் தவறவில்லை. காய்ச்சலோடு அவர் மேடேறிய ஒரு மாதத்தில் சிவராணி பின்னால் குடையோடு போனதை நான் கண்டிருக்கிறேன். அளப்பதோடு நிற்காமல், புல் செத்த இடங்களில் பனையோலையால் தட்டி கட்டி மணலை மறித்தார். ஆடுகள் ஏறாமல், கட்டாக்காலிக் கழுதைகள் ஏறாமல் பார்த்தார். ஒருவரும் செய்யச் சொல்லவில்லை.

கம்பனி மேட்டில் துளை போட வந்த வருடம் ஊரில் ஒரு கமிட்டி தொடங்கினோம். கொன்ஸ்ரன்ரைன் தலைவர். செயலாளர் நான், கையெழுத்து வடிவாக இருக்கும் என்பதால். பெரியமேட்டைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அரச வர்த்தமானியில் போடவேண்டும் என்று மனுக் கொடுத்தோம். துஷ்யந்தியின் அறிக்கை, ரவிசந்திரனின் ஐந்து வருட அளவுகள், இருநூற்றுப் பத்துக் கையெழுத்து. மாவட்ட நிர்வாகக் கச்சேரிக்கும் கொழும்புக்குமாக நடந்து செருப்புத் தேய்ந்தது. கடைசியில் ஒரு குழு நேரில் வந்து பார்க்கும் என்று கடிதம் வந்தபோது, ஊரில் வெடி கொளுத்தாத குறை.

கடிதம் வந்த அதே கார்த்திகையில்தான் பேய்மழை. மேட்டுக்கும் றோட்டுக்கும் நடுவில் ஊர் தாழ்வாக இருக்கிறது. தண்ணீர் வந்து நின்றுகொண்டது. ஒன்பது நாள். மலசலகூடங்கள் நிரம்பிக் கிணறுகளுக்குள் வழியத் தொடங்கியது, பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். கோயில் விறாந்தையில் கமிட்டி கூடியது. மேட்டில் தாழ்ந்த ஒரு இடம் இருக்கிறது, அதை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்குப் போய்விடும் என்று ஒருவர் சொன்னார். சொன்னது நான். வெட்டத் தெரிந்த ஆள் ஊரிலேயே இருக்கிறார் என்றும் சொன்னேன்.

ரவிசந்திரன் பின்னால் தூணோடு நின்றார். துஷ்யந்தி மிஸ்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாமே என்றார். தொலைபேசிக் கோபுரம் விழுந்து மூன்று நாள், றோட்டும் இல்லை, யாரிடம் போய்க் கேட்கிறது என்று நான் சொன்னேன். கொஞ்சம் எரிச்சலோடுதான் சொன்னேன். அவர் பிறகு தர்க்கம் பண்ணவில்லை. மலையைக் காப்பாற்றுகிறது கான் என்று சின்ன வயதிலிருந்து படித்த மனுசன், கான் ஒரு மேட்டைக் கெடுக்கும் என்று எப்படி நினைப்பார்? தீர்மானத்தை நீல மட்டைக் கூட்டக் கொப்பியில் எழுதினேன்: வெள்ளம் வடிய மேட்டின் தாழ்ந்த பகுதியில் வடிகால் வெட்டுவது, வேலைக்குப் பொறுப்பு ரவிசந்திரன். பதினொரு பேர் கையெழுத்து வைத்தார்கள். முதல் கையெழுத்து என்னுடையது.

இரண்டு நாள் வெட்டினார். ஊர்ப் பொடியன்கள் மண் அள்ளினார்கள். அப்படி ஒரு கானை இந்தத் தீவு கண்டிராது. நேராக இல்லாமல் இரண்டு வளைவு, அடியில் படிப்படியாகத் தட்டு, ஓரங்களில் ஓலைத்தட்டி. மூன்றாம் நாள் காலையில் வாயை உடைத்துவிட்டார். பின்னேரத்துக்குள் ஊர் நிலம் தெரிந்தது. கொன்ஸ்ரன்ரைன் அவரைக் கட்டிப் பிடித்தார். வீட்டுக்கு வீடு கூப்பிட்டுச் சாப்பாடு கொடுத்தார்கள். அன்று என்னிடம் வந்து மெல்லச் சொன்னார்: “பேச்சியம்மா வீட்டுக்கு மேல இப்பிடி ஒன்னு வெட்டியிருந்தா போதும் மாஸ்டர். ரெண்டு நாள் வேலை. ரெண்டே நாள்.” அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

றோட்டுத் திறந்ததும் துஷ்யந்தி வந்தார். கானின் விளிம்பில் நின்றார். பிறகு ரவிசந்திரனைப் பார்த்து, கோபம் இல்லாமல், சாவீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்.

“இது மலை இல்லை ஐயா. மலையை மழை தின்னும். இதைத் தின்னுறது காத்து. மேலை இருந்த புல்லுத்தான் இதைப் பிடிச்சு வைச்சிருந்தது. சோளகக் காத்துத் துவங்க முதல் மூடுங்கோ.”

காற்று மணல்மேட்டை எப்படி உடைக்கும் என்பது ஒன்பதாம் வகுப்புப் பாடம். கரும்பலகையில் முப்பத்திரண்டு வருடம் கீறியிருக்கிறேன். புல் அறுந்த ஒரு வாய் போதும், காற்று உள்ளே புகுந்து இரண்டு பக்கத்தையும் அரித்துக்கொண்டு போகும். படிப்பித்தேனே தவிர, வீட்டு வாசலில் நிற்கிற மேட்டை அந்தப் படத்தோடு வைத்துப் பார்க்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. ரவிசந்திரன் செய்தது தெரியாமல் செய்த பிழை. என்னுடையதுக்கு அந்தச் சாட்டுக்கூட இல்லை.

மூட வேண்டும் என்று கமிட்டி முடிவெடுத்தது. ஞாயிறு பூசை முடிய எல்லோரும் வருவது என்று பேச்சு. முதல் ஞாயிறு இருபது பேர். இரண்டாவது ஞாயிறு ஆறு பேர். பிறகு பருவம் தொடங்கி மீன்படத் தொடங்கியது, தொழிலை விட்டுவிட்டு மண் அள்ள யார் வருவார்கள்? எனக்குச் சோதனை விடைத்தாள் திருத்தும் காலம். ரவிசந்திரனும் சிவராணியும் கூலிக்குப் போய்வந்து, பின்னேரங்களில் கடகத்தில் மணல் சுமந்து கொட்டினார்கள். முக்கால்வாசி மூடியிருப்பார்கள். மேலே புல் நட்டு அது பிடிப்பதற்கு முன் வைகாசி வந்துவிட்டது.

சோளகம் எங்கள் கரையில் இரவும் பகலும் ஓயாமல் அடிக்கும். புதிதாகக் கொட்டிய மணல் ஒரே வாரத்தில் பறந்தது. பிறகு காற்று ஓரங்களைத் தொட்டது. நாலடி அகலத்தில் வெட்டிய கான் ஆனி முடிவில் நாற்பதடி. இலக்கம் போட்ட கம்புகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. பறந்த மணல் முழுக்க ரவிசந்திரனின் கொட்டில் பக்கம் வந்து விழுந்தது. அடுப்படி புதைந்தது. சிவராணி காலையும் மாலையும் மண்ணை வாரிக் கொட்டினாள். அவர் மேட்டை விட்டு இறங்கவில்லை. தட்டி கட்டுவார், காற்றுப் பிடுங்கும், திரும்பக் கட்டுவார். நான் ஒருநாள் போய், இனிக் காற்று அடங்கட்டும் ரவிசந்திரன் என்றேன். கேட்காதவர் மாதிரிக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கையெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்திருந்தது.

ஆடியில் குழு வந்தது. கொழும்பிலிருந்து இரண்டு பேர், இங்கிருந்து நாலைந்து அதிகாரிகள், கம்பனியின் ஆள் ஒருவர். கம்பனிக்காரர் நேரே அந்த வாயடிக்குத்தான் கூட்டிப்போனார். மேட்டைக் காப்பாற்றப் போகிறோம் என்று மனுக் கொடுத்த சனங்கள் தாங்களே அள்ளி விற்றிருக்கிறார்கள், பாருங்கள் என்று சிங்களத்திலும் தமிழிலும் சொன்னார். துஷ்யந்தி இடையில் புகுந்து, இது வெள்ளத்துக்கு வெட்டியது என்றார். மூத்த அதிகாரி நல்ல மனுசர், பொறுமையாகக் கேட்டார். விற்பதற்கு அள்ளினதா, வெள்ளத்துக்கு வெட்டினதா? வெள்ளத்துக்கு என்றால், ஊர் கூடி முடிவெடுத்ததற்கு ஏதாவது எழுத்து இருக்கிறதா? அது இருந்தால் விசயம் வேறு, ஆபத்துக்குச் செய்தது என்று நான் எழுதிவிட்டுப் போவேன் என்றார்.

கூட்டக் கொப்பி என் தோள்பையில் இருந்தது. காலையில் நானே எடுத்து வைத்துக்கொண்டு போனதுதான். ஆனால் அதற்கு முந்தின கிழமை ஒருவர் என்னிடம் சொல்லியிருந்தார், அனுமதி இல்லாமல் கரைமேட்டில் கைவைப்பது குற்றம், வழக்குப் போடலாம் என்று. அரச ஊழியன் மேல் வழக்கு வந்தால் விசாரணை முடியும்வரை ஓய்வூதியம் நிற்கும். எனக்கு ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. முதல் கையெழுத்து என்னுடையது. நான் பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கொன்ஸ்ரன்ரைன் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

ரவிசந்திரன் முன்னுக்கு வந்தார்.

“நான்தாங்க ஐயா வெட்டினேன். தண்ணி வடியத்தான் வெட்டினேன். ஒரு கடகம் மண்ணுகூட விக்கல.”

அதிகாரி எழுத்து இருக்கிறதா என்று திரும்பவும் கேட்டார். ரவிசந்திரன் பதில் சொல்லாமல் நின்றார். காற்று அவருடைய இடுப்புச் சாரத்தை அடித்துக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் இருக்கும், அவ்வளவுதான். பிறகு அதிகாரி அவருடைய பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிக்கொண்டு வாகனத்தில் ஏறினார்.

அன்று பின்னேரம் துஷ்யந்தி என் வீட்டுக்கு வந்தார். கூட்டத்தில் ஒன்றும் எழுதி வைக்கவில்லையா மாஸ்டர், ஒரு துண்டுக் கடதாசி இருந்தாலும் போதும், நான் கொழும்புக்குக் கொண்டுபோவேன் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். கொப்பி வெள்ளத்தில் நனைந்து போய்விட்டது என்றேன். இவ்வளவு நேர்த்தியாகப் பொய் சொல்ல எனக்கு வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனார்.

அறிக்கை ஐப்பசியில் வந்தது. பெரியமேட்டின் மத்தியில் உள்ளூர்வாசியான ரவிசந்திரன் என்பவரால் சட்டவிரோதமாக மணல் அகழப்பட்டு மேடு ஏற்கெனவே சிதைந்துள்ளமையால், அப்பகுதியைப் பாதுகாப்பு எல்லைக்குள் சேர்ப்பதில் பயனில்லை. மேற்கே புல்வளர்ந்த ஒரு துண்டை மட்டும் பாதுகாப்பதாக எழுதியிருந்தது. மீதியைப் பற்றி அறிக்கை பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் இல்லை. அடுத்த மாதமே கம்பனியின் இயந்திரம் அந்த நாற்பதடி வாயால்தான் மேட்டுக்குள் ஏறியது.

ஊருக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டது, கைக்கு எட்டும் தூரத்தில் ஒருவர் இருந்தார். மலைநாட்டானால் மேடு போச்சு என்றார்கள். கொப்பியில் கையெழுத்து வைத்த மற்றப் பத்துப்பேரில் சிலரும் சொன்னார்கள். தண்ணீர் வடிந்த அன்று கூப்பிட்டுச் சோறு போட்ட வீட்டுக்காரி, சிவராணி கிணற்றடிக்கு வந்தால் வாளியை எடுத்துக்கொண்டு போனாள். கொன்ஸ்ரன்ரைன் மட்டும் நீங்கள் இருங்கோ என்றார். அவர்கள் இருக்கவில்லை. மணல் கூரை வரைக்கும் வந்துவிட்ட கொட்டிலைக் கழற்றி, தடியையும் தகரத்தையும் சிறு லொறி ஒன்றில் ஏற்றினார்கள். நான் யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே வரவில்லை.

மறிச்சுக்கட்டிப் பக்கம் ஒருவருடைய தோட்டத்தில் காவலுக்கு இருக்கிறார்கள் என்று இந்த வருடம்தான் அறிந்தேன். போன மாதம் பஸ் எடுத்துப் போனேன். கூட்டக் கொப்பி கையில் இருந்தது. இதைப் பிரதி எடுத்துக் கொழும்புக்கு அனுப்பப்போகிறேன், அறிக்கையில் உங்கள் பெயரை வெட்ட வேண்டும் என்று முறைப்பாடு எழுதியிருக்கிறேன், நீங்களும் கையெழுத்து வைத்தால் நல்லது என்று சொல்லவேண்டியதை எல்லாம் பஸ்ஸிலேயே மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனேன்.

ரவிசந்திரன் வேலியோரம் குந்தியிருந்தார். நல்லாய் மெலிந்துவிட்டார். கண்டதும் எழும்பி, உட்காருங்கள் மாஸ்டர் என்று இருந்த ஒரே கதிரையைத் துடைத்துப் போட்டார். நான் சொன்னதை எல்லாம் கேட்டார். கொப்பியை நீட்டினேன். வாங்கிப் பார்க்கவில்லை.

“அன்னைக்கு அது உங்க பையில இருந்துச்சு மாஸ்டர். நீல மட்டை மேல தெரிஞ்சுச்சு. நீங்க எடுப்பீங்கன்னு பாத்துக்கிட்டே நின்னேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வழியில் போகிறவர் நேரம் கேட்பது மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார். ஏன் அப்போதே சொல்லவில்லை, கொப்பி மாஸ்டருடைய பையில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டேன். கேட்டுவிட்டு வெட்கப்பட்டேன். அதற்கு அவர், உங்கள் பெயர் கெட்டால் கமிட்டி கெட்டுப்போகும், மனுவும் போய்விடும் என்று நினைத்தேன், என் பெயர் போனால் ஒரு கூலிக்காரன் பெயர்தானே என்று விட்டுவிட்டேன் என்றார். அதிலும் பிழை விட்டுவிட்டேன் போல என்று தலையைக் குனிந்துகொண்டார்.

சிவராணி அடுப்படியிலிருந்து வந்தாள். என்னை வாங்கோ என்று சொல்லவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை நிலத்தில் வைத்தாள். கொப்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“பென்சன் வந்திட்டுதோ மாஸ்டர்?”

வந்திருந்தது. அந்தக் கிழமைதான் முதல் தடவையாக வங்கிக்குப் போய் எடுத்திருந்தேன்.

“ஓம்” என்றேன்.